மூன்று கவைகளும் ஒரு கோணல் கிதாரும்

சென்னைக்கு அருகே, ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகால் சிப்காட்டில் தயாராகும் யமஹா பைக்குகளின் பெட்ரோல் டாங்கில், பள்ளி இயற்பியல் ஆய்வகத்தின் கருவி ஒன்று சின்னமாகப் பதிந்திருக்கிறது. வட்டத்துக்குள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும் மூன்று இசைக்கவைகள். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தவர்கள் ரப்பர் கட்டையில் தட்டி, ஒத்ததிர்வுக் குழாயின் வாயருகே பிடித்துப் பார்த்த அதே கவைதான்.

பைக்குக்கும் கவைக்கும் என்ன உறவு? ஜப்பானின் ஹமாமட்சு நகரில் 1887இல் டொராகுசு யமஹா என்பவர் ஒரு பள்ளிக்கூடத்தின் பழுதான ஆர்கனைச் சரிசெய்து கொடுத்தார். அதில் தொடங்கிய ஆர்வம் 1897இல் 'நிப்பான் கக்கி' என்ற இசைக்கருவி நிறுவனமாக வளர்ந்தது. மறு ஆண்டே இசைக்கவை அதன் முத்திரையானது. இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஆலை விமானங்களுக்குச் சுழல்விசிறி செய்தது. போர் முடிந்தபின் சும்மா கிடந்த இயந்திரங்களை வைத்து என்ன செய்யலாம் என்று தலைவர் கெனிச்சி கவாகாமி யோசித்ததன் விளைவுதான் 1955இல் வந்த 125 சிசி பைக், ஒய்ஏ-1. ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125ஐ முன்மாதிரியாகக் கொண்டு செய்த வண்டி அது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி மோட்டார் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. பிரிந்தாலும் கவையை இருவரும் வைத்துக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: பியானோவில் இருக்கும் சின்னத்தில் கவைகள் வளையத்துக்குள் அடங்கியிருக்கும், பைக்கில் அவற்றின் நுனிகள் வெளிவளையத்தைத் தொட்டு நிற்கும்.

எனக்கு அந்தச் சின்னம் முக்கியமாகப் படுவது வேறு காரணத்துக்காக. இதே யமஹா 1960களில் ஒரு மின்கிதாரைச் செய்தது. அதன் உடல் அவ்வளவு கோணலாக இருந்தும் அதில் இசை எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கு விடை, டாங்கில் ஒட்டியிருக்கும் கவையிலேயே இருக்கிறது.

1965இல் அமெரிக்காவின் 'வென்ச்சர்ஸ்' குழு ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்தது. பாடகர் இல்லாமல் கிதார்களாலேயே பாட்டை நடத்திச் செல்லும் குழு. ஜப்பானிய இளைஞர்கள் கிறங்கிப்போனார்கள். மின்கிதாருக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'எலெகி'. அந்த எலெகி அலையில் சிறிதும் பெரிதுமாகப் பல கம்பெனிகள் கிதார் செய்ய இறங்கின. யமஹா 1966இல் இறங்கியது. அதையொட்டி வெளிவந்தவைதான் எஸ்ஜி-5, எஸ்ஜி-7 என்ற இரண்டு கிதார்கள். வென்ச்சர்ஸ் கையில் இருந்த மோஸ்ரைட் கிதாரில் வழக்கத்துக்கு மாறாகக் கீழ்க்கொம்பு நீண்டு, மேல்கொம்பு குட்டையாக இருக்கும். யமஹாக்காரர்கள் அந்தத் தலைகீழ் வடிவத்தை இன்னும் இழுத்தார்கள். உடல் முழுதும் ஒருபக்கமாகச் சாய்ந்து, காற்றில் பாயப் போவதுபோல ஆனது. கழுத்தின் நுனியில் மெல்லிய, நீண்ட தலை. ரசிகர்கள் பின்னாளில் 'பறக்கும் சாமுராய்' என்று பெயர் வைத்தார்கள்.

சில ஆண்டுகளிலேயே இவற்றின் உற்பத்தி நின்றுபோனது. பிறகு சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்தார்கள், தேட்டம் கூடக்கூட 2000ஆம் ஆண்டையொட்டி யமஹாவே எஸ்ஜிவி என்ற வரிசையில் அந்த உருவத்தை மீண்டும் கொண்டுவந்தது. விந்தை வடிவக் கிதார்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. கிப்சன் நிறுவனம் 1958இல் அம்புமுனை போன்ற 'ஃப்ளையிங் வி' கிதாரை வெளியிட்டபோது அந்த ஆண்டு அனுப்பப்பட்டவை 81, அடுத்த ஆண்டு 17. அந்தக் கிதார் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலர் பேசப்படுகிறது. 1996இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியைப் பொக்கிஷம்போலத் துடைத்து வைத்திருப்பவர்களைப் பார்த்த நமக்கு இந்த மனநிலை புதிதல்ல.

சரி, ஒரு வீணையை இப்படிக் கோணலாகச் செய்ய முடியுமா? தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பலாமரக் குடத்தின் வளைவு, அதன் சுவரின் கனம், மேற்பலகையின் தடிமன், குதிரை உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாதம். குடத்தை மாற்றினால் குரலும் மாறிவிடும். மின்கிதாருக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு இல்லை?

கவையிடம் கேட்போம். தட்டிய கவையைக் கையில் பிடித்திருந்தால் காதருகே கொண்டுவந்தால்தான் ஒலி கேட்கும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை கேட்கும். மேசை புதிதாக எந்த ஆற்றலையும் தரவில்லை. கவையின் புயம் மெல்லியது. அது அசையும்போது முன்னால் இருக்கும் காற்று பக்கவாட்டில் நழுவிப் பின்பக்கம் ஓடிவிடுகிறது, அலை எழும்புவதில்லை. மேசைப் பலகை அகலமானது. காம்பு வழியாக வந்த அதிர்வை வாங்கி ஒரு பெரிய பரப்பளவு காற்றைத் தள்ளுகிறது. ஒலி உரத்துக் கேட்கிறது. ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்: கையில் இருக்கும்போது நீண்ட நேரம் ரீங்கரித்த கவை, மேசையில் ஊன்றியதும் விரைவில் ஓய்ந்துவிடும். தட்டியபோது கொடுத்த ஆற்றல் ஒரே அளவு. அதை உரக்கச் செலவழித்தால் சீக்கிரம் தீரும், சிக்கனமாகச் செலவழித்தால் நீடிக்கும்.

கையில் இருக்கும்போது அது ஏன் அவ்வளவு சிக்கனம்? இரண்டு புயங்களும் எதிரெதிராக ஆடுகின்றன. ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம். இரு விசைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் காம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அசையாத காம்பு வழியாக ஆற்றல் கசியாது. 1711இல் லண்டனில் ஜான் ஷோர் என்ற எக்காளக் கலைஞர் கவையைச் செய்ததிலிருந்து இன்றுவரை அது சுருதிக்குத் துணையாக இருப்பது இந்தச் சமநிலையால்தான். ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் வண்டி செய்யும் ராயல் என்ஃபீல்ட் 2020இல் மீட்டியோர் 350இன் எஞ்சினில் சமன்செய்யும் தண்டு ஒன்றைச் சேர்த்தது. பிஸ்டன் உதறும் திசைக்கு எதிராக உதறி, ஓட்டுபவரின் கையை நடுக்கத்திலிருந்து காப்பது அதன் வேலை. அதிலும் இதே கணக்குதான்.

இப்போது தந்திக்கு வருவோம். தந்தியும் கவைப் புயம்போல மெல்லியது, தனியாகக் காற்றைத் தள்ள வலுவில்லாதது. வீணையும் மரக்கிதாரும் மேசையில் ஊன்றிய கவைகள். தந்தியின் அதிர்வைக் குதிரை வாங்கி மேற்பலகைக்குக் கொடுக்கிறது, பலகை காற்றுக்குக் கொடுக்கிறது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போய், ஜிஎஸ்டி சாலையைத் தாண்டிக் கிழக்கே திருப்போரூர்ப் பக்கம் போனால் யமஹாவின் இசைக்கருவி ஆலை இருக்கிறது. 2019 முதல் கீபோர்டுகளோடு மரக்கிதார்களும் அங்கே தயாராகின்றன. அந்தக் கிதாரின் மேற்பலகை சில மில்லிமீட்டர் தடிமன்தான். அடியில் ஒட்டும் தாங்குகட்டைகளை இடம் மாற்றினாலே குரல் மாறும். அங்கே சாமுராய் வடிவத்துக்கு இடமில்லை.

மின்கிதார் காற்றை நம்பவில்லை. தந்திக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். இதைத்தான் பிக்கப் என்கிறார்கள். காந்தம் தன்மேல் ஓடும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அசையும்போது சுருளின் ஊடே போகும் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தபடி, பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். தந்தி நொடிக்கு 110 முறை ஆடினால் மின்னழுத்தமும் 110 முறை ஏறி இறங்கும். மில்லிவோல்ட் கணக்கில் பிறக்கும் இந்தச் சிறு மின்னலையைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதோடு வேலை முடிந்தது.

பிக்கப் காற்றைக் கேட்பதில்லை, எஃகின் அசைவை மட்டும் கவனிக்கிறது. சோதிப்பது எளிது. எஃகுக் கவையைத் தட்டி, கிதாரைத் தொடாமல் பிக்கப்புக்கு மேலே பிடித்தால் ஒலிபெருக்கியில் கவையின் சுருதி கேட்கும். பள்ளிகளில் பரவலாக இருக்கும் அலுமினியக் கவையை அப்படிப் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. நைலான் தந்தி கட்டினால் மௌனம். வீணையின் மந்தரத்துக்குக் கட்டும் பித்தளைத் தந்தியும் இந்தக் காந்தத்துக்குப் பிடிபடாது.

ஆக, மின்கிதாரின் தந்தி கையில் பிடித்த கவையைப்போல இருந்தால் போதும். தன் ஆற்றலை உடலுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் ஆடலாம். உடல் பாட வேண்டியதில்லை. பாடாமல் இருப்பது நல்லதும்கூட. குடைந்த உடலுள்ள கிதாரில் பிக்கப் வைத்து ஒலியைக் கூட்டினால், ஒலிபெருக்கியின் அதிர்வு உடலை ஆட்டி, உடல் தந்தியை ஆட்டி, அது மறுபடி பெருகி, கடைசியில் மேடை முழுக்க ஊளைச் சத்தம்தான் மிஞ்சும். கனத்த முழு மரக்கட்டையை ஒலிபெருக்கியால் எளிதில் ஆட்ட முடியாது.

இது தெரிந்ததும் வடிவம் விடுதலை பெற்றுவிட்டது. ஜார்ஜ் போஷாம்ப் 1931இல் உருவாக்கி, அடோல்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்கிதாரே வார்ப்பு அலுமினியத்தில் ஒரு சிறு வட்டமும் நீண்ட கைப்பிடியுமாகத்தான் இருந்தது. மக்கள் அதைப் 'பொரிக்கும் சட்டி' என்றார்கள். லெஸ் பால் இன்னும் ஒரு படி போனார். ஒரு சதுர மரக்கட்டையில் தந்தியும் பிக்கப்பும் மாட்டி வாசித்தார். ஒலி அவருக்குப் பிடித்திருந்தது, கூட்டம் மட்டும் அதை ஏற்கவில்லை. பிறகு ஒரு சாதாரணக் கிதாரை இரண்டாக அறுத்துக் கட்டையின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு போய் வாசித்ததும் வரவேற்பு கிடைத்தது. அந்த இரண்டு பாதிகளும் ஒலிக்குச் செய்தது மிகக் குறைவு. அவை பார்ப்பவர் கண்ணுக்காக ஒட்டப்பட்டவை.

எல்லாமே கண்ணுக்குத்தான் என்று முடிவு கட்டினாலும் தவறு. எஸ்ஜி-7இன் கோணலுக்கு எல்லை எங்கே என்பதுதான் எனக்கு இதில் மிகச் சுவையான பகுதி.

தந்தியின் நீளத்தில் கைவைக்க முடியாது. மெட்டுகளின் இடமும் அப்படியே. மேற்கத்திய சமபகுப்புச் சுருதியில் ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்குப் போனால் அதிர்வெண் 1.0595 மடங்கு ஏறும். அதனால் ஒவ்வொரு மெட்டும் மீதமிருக்கும் தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்த தூரத்தில் விழுகிறது. வீணையில் மெழுகின்மேல் மெட்டைப் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி உறுதிசெய்வார்கள். கிதாரில் கணக்குப் போட்டு ரம்பத்தால் அறுத்துவிடுகிறார்கள், பிறகு நகர்த்த வழியில்லை. உடல் எப்படிச் சாய்ந்தாலும் கழுத்தும் தந்தியும் நேர்கோட்டில்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது எடை. தோள்வாரின் முன்பொத்தான் கழுத்தை நோக்கி எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்குக் கிதார் சமநிலையில் தொங்கும். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் மேல்கொம்பு நீண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொம்புகளைத் தலைகீழாக்கினால் அந்த வசதி போய்விடும். கழுத்து கீழே சாயப் பார்க்கும், இடக்கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். நீண்ட தலை வேறு பாரத்தைக் கூட்டும்.

தலையின் நீளம் ஒலியிலும் தலையிடுகிறது. ஜெர்மனியின் ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மன் ஸ்விக்கரும் 1990களில் மின்கிதார்களின் அதிர்வை அளந்து பார்த்தார்கள். தந்தியின் ஆற்றல் குதிரைப் பக்கம் அதிகம் கசியவில்லை, கழுத்துப் பக்கம் கசிந்தது. கழுத்துக்கென்று சில இயல்பதிர்வுகள் உண்டு. வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண் அவற்றில் ஒன்றோடு பொருந்திவிட்டால், கழுத்து ஊன்றிய மேசையாகி அந்தச் சுரத்தை மட்டும் விழுங்கிவிடும். பக்கத்து மெட்டில் கணீரென்று நிற்கும் ஒலி இந்த மெட்டில் சட்டென்று மடியும். வாசிப்பவர்கள் இதை 'டெட் ஸ்பாட்' என்பார்கள். தலையின் எடையை மாற்றினால் கழுத்தின் இயல்பதிர்வு மாறும், டெட் ஸ்பாட்டும் இடம்பெயரும். கண்ணுக்காக வரைந்த தலையும் காதுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யமஹாவுக்கு இந்தப் பாடத்தைச் சொன்னவர்களில் ஒருவர் கார்லோஸ் சன்டானா. 1970களில் அவருக்கு எஸ்ஜி-175 என்ற கிதாரைக் கொடுத்தார்கள். தான் வாசிக்கும் சுரம் போதிய நேரம் நிற்கவில்லை என்பது அவருடைய குறை. யமஹா உடலைக் கனமாக்கியது, கழுத்து மரத்தை உடலின் அடி வரை ஒரே துண்டாக ஓடவிட்டது, குதிரைக்கு அடியில் பித்தளையைப் பதித்தது. தந்தியின் இரு முனைகளும் அசையாமல் நின்றால் ஆற்றல் கசியாது என்ற அதே விதிதான். 1976இல் வந்த எஸ்ஜி-2000 இப்படிப் பிறந்தது. எஸ்ஜி என்ற எழுத்துகள் தொடர்ந்தன, கோணல் மட்டும் காணாமல் போய்விட்டது.

நீடிக்கும் நாதத்தின் அருமையைத் தமிழ்நாட்டு மேடையில் நமக்குக் காட்டியவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். மாண்டலினின் தந்தி மிகவும் குட்டை, மீட்டியதும் ஒலி மடிந்துவிடும். போதாக்குறைக்கு இரண்டிரண்டு தந்தியாக நான்கு ஜோடி. ஜோடித் தந்தியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, கமகம் கலங்கும். அவர் ஒற்றைத் தந்திகளாக ஐந்து கட்டிய மின்மாண்டலினை எடுத்துக்கொண்டார். தந்தியில் மிச்சமிருக்கும் சிறு அசைவையும் பிக்கப் பிடித்துக் கொடுக்க, ஒருமுறை மீட்டி ஒரு நீண்ட சங்கதியை முடிக்க முடிந்தது. 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் 12 வயதுச் சிறுவனாக அவர் வாசித்தபோது, கர்நாடக சங்கீதத்துக்குள் காந்தமும் செப்புச் சுருளும் மரியாதையோடு வந்து உட்கார்ந்தன. 2014இல் அவர் மறைந்தார்.

எஃகு அசைவை மட்டும் கவனிக்கும் என்று பிக்கப்பைச் சொன்னேன். ஆனால் மாறிக்கொண்டிருக்கும் எந்தக் காந்தப்புலமும் அதற்கு ஒன்றுதான். அதனால் வீட்டு மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் 'ம்ம்ம்' என்ற முனகலாக உள்ளே நுழைந்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது மேற்கத்திய சுரவரிசையின் கீழ் ஜி சுரத்துக்கு (49 ஹெர்ட்ஸ்) மிக அருகில் விழுகிறது. ஜப்பானில் ஃபுஜி நதிக்குக் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ். ஹமாமட்சு மேற்கே இருக்கிறது. ஒரே கிதார் அங்கே ஒரு சுருதியிலும் ஒரகடத்தில் வேறொரு சுருதியிலும் முனகும். 1955இல் கிப்சனின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிர்த் திசையில் பிறந்து அழிந்துவிட, தந்தியின் ஒலி மட்டும் கூடி நிற்கும். கவையின் இரு புயங்கள் செய்யும் வேலையை இங்கே இரு சுருள்கள் செய்கின்றன. ஒரகடத்தில் இருக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் மின்காந்தக் குறுக்கீட்டுக்கென்றே ஓர் ஆய்வகம் உண்டு. அங்கே வண்டியின் மின்னணுக் கருவிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்கின்றனவா என்று பார்ப்பதும், பழைய ஒற்றைச் சுருள் கிதாரின் முனகலைத் துரத்துவதும் அடிப்படையில் ஒரே பிரச்சினை.

பழைய எஸ்ஜி-5ஓ எஸ்ஜி-7ஓ கைக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்? வண்ணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் கழுத்து. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு ஈடான விசையோடு அதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இழுத்துக்கொண்டிருந்தால் மரம் வளைந்திருக்கும். கழுத்துக்குள் ஓடும் எஃகுக் கம்பியின் திருகு இன்னும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி, எங்கே ஒலி மடிகிறது என்று கேட்க வேண்டும். கடைசியாகப் பிக்கப்புகள். நம் கடலோர ஈரத்தில் அந்த மெல்லிய செப்புக் கம்பி பச்சை பூத்து எங்கோ ஓரிடத்தில் அறுந்துபோவது உண்டு. மல்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்: நல்ல சுருள் சில கிலோ ஓம் காட்டும், அறுந்த சுருள் முடிவிலி காட்டும். அறுந்திருந்தால் காந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுருளை மட்டும் புதிதாகச் சுற்றலாம். எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து ஒலியின் நிறம் கொஞ்சம் மாறும். சேகரிப்பாளர் அதற்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார். வாசிக்க வாங்குபவர் தயங்காமல் சுற்றிக்கொள்ளலாம்.